கூட்டம் வருகிறது, ஓட்டு வரவில்லை: கிராமத்தில் கிளை கட்டுவது பற்றி

கேள்வி இதுதான்: "புதிதாகத் தொடங்கும் கட்சிகளுக்கு மாநாட்டில் கூட்டம் அலைமோதுகிறது. தேர்தல் வந்தால் கிராமங்களில் அந்த அளவுக்கு ஓட்டு விழுவதில்லை. திமுகவுக்கும் அதிமுகவுக்கும் ஊருக்கு ஊர் கிளை இருப்பதுதான் காரணம் என்கிறார்கள். அந்தக் கிளை என்னதான் செய்கிறது? ஒரு புதுக் கட்சி கிராமத்தில் எங்கிருந்து தொடங்க வேண்டும்?"

சுருக்கமாகச் சொன்னால், ஊரில் ஒருவருக்கு தாலுகா ஆபீஸிலோ, போலீஸ் ஸ்டேஷனிலோ, நிலக்காரரிடமோ ஒரு சிக்கல் என்றால் "யாரிடம் போய்ச் சொல்வது?" என்று யோசிப்பார் இல்லையா, அப்போது நினைவுக்கு வரும் ஆள் எந்தக் கட்சிக்காரரோ, அந்தக் கட்சிக்குத்தான் அங்கே கிளை இருக்கிறது. கொடிக்கம்பம், பெயர்ப் பலகை, வாட்ஸாப் குழு எல்லாம் அதற்குப் பிறகு. கட்சி மேடை வழியாக ஊருக்குள் வருவது அபூர்வம். பெரும்பாலும் ஒரு வழக்கு வழியாகத்தான் வரும். வழக்கு என்றால் கோர்ட்டு வழக்கு மட்டுமல்ல, ஊரில் தீராமல் கிடக்கும் எந்தப் பிரச்சினையும்தான். இதை நான் அறிந்த தஞ்சைப் பகுதியிலிருந்து தொடங்கிச் சொல்கிறேன்.

1943-ல் கம்யூனிஸ்ட் கட்சி பி. சீனிவாசராவைத் தஞ்சை மாவட்டத்துக்கு அனுப்பியது. அவர் தென் கன்னடத்துக்காரர். தமிழ் அவருக்குத் தாய்மொழி அல்ல. அவர் வந்தபோது கீழத்தஞ்சையில், குடும்பத்தோடு நிலக்காரருக்குக் கட்டுப்பட்டு உழைக்கும் பண்ணையாள் முறை முழு வீச்சில் இருந்தது. வேலைக்குப் பிந்தினால் சவுக்கடி, எதிர்த்துப் பேசினால் மாட்டுச் சாணத்தைக் கரைத்துக் குடிக்க வைக்கும் சாணிப்பால். இந்தச் சூழ்நிலையில் பட்டணத்திலிருந்து வரும் ஒரு கட்சிக்காரர் என்ன செய்வார்? மன்னார்குடியில் ஒரு பொதுக்கூட்டம் போட்டு உலக நிலைமை பேசியிருக்கலாம். இவர் சேரிக்குள் போனார். குடிசைகளிலேயே தங்கினார், அங்கே கிடைத்ததைச் சாப்பிட்டார். பகலெல்லாம் வயலில் கிடக்கும் ஆட்களுக்குப் பொழுது சாய்ந்த பிறகுதான் நேரம், அதனால் கூட்டம் எல்லாம் ராத்திரியில். மன்னார்குடிக்கு அருகே தென்பரையில் முதல் விவசாயிகள் சங்கம் அந்த வருஷமே உருவானது. அடுத்த வருஷம், 1944-ல், மன்னார்குடியில் ஒப்பந்தம். சவுக்கடியும் சாணிப்பாலும் இனிக் கிடையாது என்று நிலக்காரர்கள் தரப்பு எழுத்தில் ஒத்துக்கொண்டது.

இதில் கவனிக்க வேண்டியது வரிசை. முதலில் கோரிக்கை, அதுவும் அன்றாடம் உடம்பில் விழும் அடியை நிறுத்தச் சொல்லும் கோரிக்கை. கூலி உயர்வுகூட அதோடு ஒட்டிக்கொண்டு வந்ததுதான். பொதுவுடைமைத் தத்துவம் அதற்கும் பின்னால். ஓட்டு இந்தக் கணக்கிலேயே இல்லை, அந்தப் பண்ணையாட்களில் அநேகமாக யாருக்கும் அப்போது ஓட்டே கிடையாது. இன்னொன்று, சேரிக்கென்று ஏற்கெனவே நாட்டாண்மை இருந்தது, கூடிப் பேசி முடிவெடுக்கும் பழக்கம் இருந்தது. சங்கம் அதைக் கலைத்துவிட்டு வேறொன்றைக் கொண்டுவரவில்லை. அந்தப் பழக்கத்தின் மேலேயே ஏறி நின்றது. "ஒருத்தன் வேலைக்குப் போகாவிட்டால் தெருவே போகாது" என்ற கட்டுப்பாடு சேரிக்குப் புதிதல்ல. அந்தக் கட்டுப்பாட்டை நிலக்காரருக்கு எதிரே நிறுத்தியதுதான் புதிது.

சேரி முகப்பில் ஏறிய செங்கொடிக்கு என்ன மதிப்பு இருந்தது என்பதற்கு 1968-ஐப் பார்க்க வேண்டும். கூலிப் பிரச்சினை முற்றியபோது நெல் உற்பத்தியாளர் சங்கத்து நிலக்காரர்கள் வைத்த நெருக்கடிகளில் ஒன்று, செங்கொடியை இறக்கிவிட்டு எங்கள் சங்கத்துக்கு வந்துவிடுங்கள் என்பது. அந்தப் பகையின் உச்சத்தில்தான் டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். இவ்வளவுக்குப் பிறகும் அந்த அமைப்பு கலையவில்லை. 2021-ல் திருத்துறைப்பூண்டியில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியும் கீழ்வேளூரில் மார்க்சிஸ்ட் கட்சியும் ஜெயித்தன. கூட்டணி பலம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் கூட்டணிப் பேச்சில் அந்தத் தொகுதிகளை அவர்கள் கேட்டு வாங்க முடிகிறது என்றால் அதற்கு அடித்தளம் அந்த 1940-களில் போட்டது.

திமுக ஊருக்குள் வந்த பாதை வேறு. 1949 செப்டம்பர் 17-ல் சென்னை ராபின்சன் பூங்காவில் தொடங்கிய கட்சி, எட்டு வருஷம் கழித்து 1957-ல்தான் முதல் தடவை தேர்தலில் நின்றது. தேர்தலில் நிற்கலாமா வேண்டாமா என்பதையே 1956 திருச்சி மாநாட்டில் பெட்டி வைத்து ஓட்டுக் கேட்டுத்தான் முடிவு செய்தார்கள். அந்த எட்டு வருஷம் என்ன செய்தார்கள் என்பதுதான் புதுக் கட்சிக்காரர்கள் படிக்க வேண்டிய பாடம். அப்போது காங்கிரஸுக்கு கிராமத்தில் தனியாக அமைப்பு தேவைப்படவில்லை. மிராசுதார், மில்லுக்காரர், கூட்டுறவுச் சங்கத் தலைவர் என்று ஊரில் ஏற்கெனவே பெரிய மனிதராக இருந்தவரைப் பிடித்தால் அவருக்குக் கட்டுப்பட்ட ஓட்டுகள் வந்துவிடும். திமுகவுக்கு அந்த வசதி இல்லை. அதனால் அது கடைத்தெருவில் தொடங்கியது. சலூன், டீக்கடை, தையல் கடை, சைக்கிள் கடை. இந்தக் கடைக்காரர்களுக்கு ஒரு பொதுத்தன்மை உண்டு: அன்றாடம் கையில் காசு வரும் தொழில், மிராசுதாரின் களத்து மேட்டை நம்பிப் பிழைக்கவில்லை. அவர் முறைத்தால் அடுப்பு அணையாது. பேருந்து நிற்கும் இடத்தில் கீற்றுக் கொட்டகையில் ஒரு படிப்பகம், ஒரு பெஞ்சு, கட்சிப் பத்திரிகை. படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிப்பார், பத்துப் பேர் கேட்பார்கள். ஊர்த்தெருவிலும் அக்ரகாரத்திலும் நுழைய முடியாத கட்சி இப்படிக் கைகாட்டி முக்கில் உட்கார்ந்துகொண்டு ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தது. 1962-ல் 50 இடம், 1967-ல் ஆட்சி.

எம்ஜிஆர் கதையை எல்லோரும் சுருக்குவழி என்று நினைக்கிறார்கள். 1972 அக்டோபர் 17-ல் கட்சி, 1973 மே மாதம் திண்டுக்கல் இடைத்தேர்தலில் மாயத்தேவர் வெற்றி. ஏழே மாதம்தான். ஆனால் அந்த ரசிகர் மன்றங்கள் அதற்கு முன்பு பல வருஷம் திமுகவுக்காகவே சுவரெழுத்து எழுதி, ஓட்டுக் கேட்டு, பூத்தில் உட்கார்ந்து பழகியவை. கிளைச் செயலாளர்களில் ஒரு பகுதியும் அப்படியே பெயர்ந்து வந்தது. முளைத்து வந்த கட்சி என்பதைவிடப் பாகம் பிரிந்த கட்சி என்பதே பொருத்தம். இதைக் கவனிக்காமல் மன்றத்தைக் கட்சியாக்கினால் போதும் என்று இறங்குகிறவர்கள் தேமுதிகவைப் பார்க்கலாம். 2006-ல் தனியாக நின்று 8 சதவீதத்துக்கு மேல் வாங்கிய கட்சி அது. ஒரு புதுக் கட்சிக்கு அது பெரிய ஓட்டு. 2011-ல் கூட்டணியில் 29 இடம், எதிர்க்கட்சி அந்தஸ்து. 2016-ல் பூஜ்யம். ஓட்டு வந்த காலத்தில் அதைப் பிடித்து வைக்கும் ஆட்களை ஊருக்கு ஊர் நிறுத்தாததும் அந்த வீழ்ச்சிக்கு ஒரு காரணம் என்பது என் எண்ணம். கூட்டணிக் கணக்குகளும் தலைவரின் உடல்நிலையும் சேர்ந்தன என்பது வேறு விஷயம்.

சரி, கிளை என்ன செய்கிறது?

காகிதத்தில் பார்த்தால் கிளைக்கு அவைத்தலைவர், செயலாளர், துணைச் செயலாளர், பொருளாளர், மேலே அனுப்பும் பிரதிநிதிகள் என்று நிறையப் பேர். நடைமுறையில் செயலாளர் ஒருவர்தான் கிளை. அவருடைய காலைப் பொழுதைப் பாருங்கள். ஏழு மணிக்கே வாசலில் ஒரு கிழவி. "தம்பி, ரெண்டு மாசமா பணம் ஏறலப்பா." முதியோர் ஓய்வூதியம். அவர் பாஸ்புக்கை வாங்கிப் பார்ப்பார், ஆதார் இணைப்பில் கோளாறா, இறந்துவிட்டதாக யாராவது எழுதிவிட்டார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள விஏஓவுக்கு (கிராம நிர்வாக அலுவலர்) ஒரு போன். அடுத்து பட்டா மாறுதலுக்கு அலைகிற ஒரு ஆள். அதற்கடுத்து, நேற்று ராத்திரி பையன் பைக்கைப் போலீஸ் பிடித்துவிட்டது என்று ஒரு அப்பா. இடையில் சாவுச் செய்தி. யார் வீட்டுச் சாவானாலும் மாலையோடு போக வேண்டும், எதிர்க்கட்சிக்காரர் வீட்டுச் சாவென்றால் கட்டாயம் போக வேண்டும். அவரால் இதில் பாதி வேலையைக்கூட முடிக்க முடியாது. ஓய்வூதியம் அவர் கையில் இல்லை, விஏஓ அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டவரும் இல்லை. ஆனாலும் கூட வந்தார், நின்றார், பேசினார். ஓட்டுப்போடும் நாளில் இந்தக் கணக்குதான் பேசும்.

இந்த இடைத்தரகு வேலை எப்படிக் கட்சிக்காரர் கைக்கு வந்தது என்பதற்கு ஒரு பழைய காரணம் உண்டு, பலர் கவனிப்பதில்லை. 1980 வரை கிராமத்தில் அரசாங்கம் என்றால் நிலக் கணக்கு எழுதும் கர்ணமும் வரி வசூலிக்கும் மணியக்காரரும். பரம்பரைப் பதவி, பெரும்பாலும் நிலம் வைத்திருந்த மேல்சாதிக் குடும்பங்கள். எம்ஜிஆர் ஆட்சி அந்தப் பதவிகளை ஒழித்து, தேர்வெழுதி வரும் கிராம நிர்வாக அலுவலரைக் கொண்டுவந்தது. புதிதாக வந்தவர் வெளியூர்க்காரர், இடமாற்றம் ஆகிப் போகிறவர். ஊரில் யார் எந்த நிலத்தை உழுகிறார் என்று அவருக்கு யாராவது சொல்ல வேண்டும், ஊருக்கும் அவரிடம் பேச ஒரு ஆள் வேண்டும். அந்த இடைவெளியில் கிளைச் செயலாளர் போய் உட்கார்ந்தார். கர்ணத்தின் திண்ணையில் நடந்தது டீக்கடை பெஞ்சுக்கு வந்தது. தமிழ்நாட்டுக் கிராமத்தில் இரு கழகங்களும் இவ்வளவு ஆழம் போனதற்கு இந்த ஒரு சீர்திருத்தம் செய்த உதவி கொஞ்சநஞ்சமல்ல.

கிளைக்கு மேலே ஒன்றியம். இங்கேதான் உண்மையான அதிகாரம். ஒன்றியச் செயலாளருக்கு பிடிஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீஸ் தெரியும், காண்டிராக்ட் யாருக்குப் போகிறது என்று தெரியும், மாவட்டச் செயலாளரிடம் பேச முடியும். கீழே கிளையைக் கட்டிவிட்டு ஒன்றியத்தில் பலவீனமான ஆளை வைத்தால் கிளைச் செயலாளர் எடுத்துவரும் மனுக்கள் எங்கேயும் போகாது. இரண்டு முறை அப்படி ஆனால் அவரே சோர்ந்துவிடுவார். புதுக் கட்சிகள் மாநிலப் பதவிகளை மாய்ந்து மாய்ந்து அறிவிக்கின்றன, ஒன்றியத்துக்கு ஆள் போடுவதைக் கடைசியில் வைத்துக்கொள்கின்றன.

அப்புறம் பூத். ஒரு வாக்குச்சாவடிக்குச் சுமார் ஆயிரம், ஆயிரத்து இருநூறு ஓட்டு. பூத் கமிட்டி என்றால் வாக்காளர் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகப் பேசுவது. இவர் செத்து மூன்று வருஷம் ஆச்சு. இந்தப் பெண் கல்யாணமாகி பட்டுக்கோட்டைக்குப் போய்விட்டாள். இந்த நாலு பையன்களும் திருப்பூரில் பனியன் கம்பெனியில், தேர்தலுக்கு வருவார்களா, வர வண்டிக்குச் சொல்ல வேண்டுமா? இவர் நம்ம ஓட்டு, இவர் எதிர் ஓட்டு, இது சந்தேக ஓட்டு. பாஜக வட மாநிலங்களில் பட்டியலின் ஒரு பக்கத்துக்கு ஒரு பொறுப்பாளர் என்று 'பன்னா பிரமுக்' போடுவது இதே வேலையை இன்னும் நுணுக்கிச் செய்வதுதான். பெயர் சேர்க்க படிவம் 6, நீக்க 7, திருத்த 8 என்று கிளைக்காரருக்கு மனப்பாடமாக இருக்கும். 2025 நவம்பரில் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, வீடு வீடாகப் படிவம் நிரப்ப உட்கார ஆள் இருந்த கட்சி எது, அறிக்கை மட்டும் விட்ட கட்சி எது என்பது ஊர்களில் பளிச்சென்று தெரிந்தது.

வாக்குப்பதிவு நாள் வேறு ரகம். ஏழு மணிக்குப் பதிவு தொடங்கும் என்றால் ஐந்தரைக்கே மாதிரி வாக்குப்பதிவு. முகவர்கள் முன்னால் குறைந்தது 50 ஓட்டு போட்டுப் பார்த்து, அழித்து, சீல் வைப்பார்கள். மாலையில் பதிவான மொத்த ஓட்டைக் காட்டும் படிவம் 17சி-யின் நகலைக் கையெழுத்தோடு வாங்கிக்கொண்டுதான் முகவர் எழுந்திருக்க வேண்டும். இதெல்லாம் பயிற்சியில் சொல்லிக் கொடுத்துவிடலாம். கஷ்டம் வேறிடத்தில். அந்த நாற்காலியில் உட்காரும் ஆள் ஊர் முழுக்கப் பார்க்க "நான் இந்தக் கட்சி" என்று சொல்லிவிடுகிறார். நாளைக்கு அவருக்கு டிராக்டர் வாடகைக்கு வேண்டும், வாய்க்காலில் தண்ணீர் முறை வேண்டும். இதையும் மீறி உட்கார ஒரு ஆள் கிடைத்தால் அந்த ஊரில் கட்சிக்கு உயிர் இருக்கிறது. கிடைக்கவில்லையென்றால் அந்த ஊரிலிருந்து மாநாட்டுக்கு எத்தனை வேன் வந்தது என்பதில் அர்த்தமில்லை.

சாதியைப் பேசாமல் இதை முடிக்க முடியாது. தமிழ்நாட்டில் பெரும்பாலான ஊராட்சி என்பது ஒரு ஊர் அல்ல, ஊரும் காலனியும். கட்சிகள் இதை மாற்றப் பார்ப்பதில்லை, அதற்கேற்ப வளைந்துகொள்கின்றன. ஊரில் ஒரு கொடிக்கம்பம், காலனியில் ஒரு கொடிக்கம்பம், ஒரே கட்சி. செயலாளர் பதவி எண்ணிக்கையில் பெரிய சாதிக்கு, துணைச் செயலாளர் காலனிக்கு என்பது எழுதாத விதி. இதனால் அமைப்பு சீராக ஓடும், நெருக்கடி வரும்போது கழன்றுகொள்ளும். மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தில் கொட்டக்கச்சியேந்தல். தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட 1996 முதல் 2006 வரை பத்து வருஷம் இங்கெல்லாம் முறையான தேர்தல் நடத்த முடியவில்லை. பெரிய கட்சிகளுக்கு ஆட்கள் இல்லாத வட்டாரமா அது? அதே மதுரை மாவட்டத்து மேலவளவில், அப்படி ஒதுக்கப்பட்ட தலைவர் பதவிக்குத் துணிந்து நின்று ஜெயித்த முருகேசன் 1997 ஜூன் 30-ல் வெட்டிக் கொல்லப்பட்டார், கூட வந்தவர்களும் கொல்லப்பட்டார்கள். அந்தக் காலத்தில் விடுதலைச் சிறுத்தைகள் தேர்தலிலேயே நிற்கவில்லை, 1999-ல்தான் வந்தார்கள். சேரி சேரியாகக் கொடி ஏற்றி, வழக்கு நடத்தி, பிணத்தோடு நின்று கட்டிய அமைப்பு அது. பாமகவும் அப்படித்தான், 1980-ல் வன்னியர் சங்கம், 1987-ல் ஒரு வார சாலை மறியல், அதற்குப் பிறகு 1989-ல் கட்சி. இரண்டையும் எடைபோடுவது உங்கள் விருப்பம். சங்கமும் வழக்கும் முந்தி, கட்சி பிந்தி என்பது மட்டும் இரண்டுக்கும் பொது.

உள்ளாட்சித் தேர்தலுக்கு வருவோம், புதுக் கட்சிக்கு வாசல் அங்கேதான். கிராமத்து வாக்காளருக்கு அன்று நாலு ஓட்டு. வார்டு உறுப்பினருக்கு வெள்ளைச் சீட்டு, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். முதல் இரண்டுக்கும் கட்சிச் சின்னம் கிடையாது, பின் இரண்டுக்கும் உண்டு. சின்னம் இல்லாத இடத்தில் இரண்டு கழகங்களின் பலம் பாதியாகிவிடும். ஒரே கட்சிக்காரர்கள் மூன்று பேர் தலைவர் பதவிக்கு மோதிக்கொள்வார்கள், மேலிடம் யார் பக்கமும் சாயாமல் நழுவும், ஜெயித்தவருக்குச் சால்வை போர்த்தித் தன் ஆள் என்று அறிவிக்கும். இந்த ஓட்டைக்குள்தான் 2021 அக்டோபரில் ஒன்பது மாவட்ட ஊரக உள்ளாட்சித் தேர்தலில் விஜய் மக்கள் இயக்கத்தினர் சுயேச்சைகளாக நின்று நூற்றுக்கும் மேற்பட்ட பதவிகளைப் பிடித்தார்கள். அப்போது அவர்களுக்குக் கட்சியே இல்லை. தெருவில் தெரிந்த பையன், ரத்ததானம் ஏற்பாடு செய்தவன் என்பதுதான் தகுதி.

பாதி இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கீடு. பல ஊரில் தலைவருடைய வீட்டுக்காரர்தான் நாற்காலியில் உட்காருகிறார் என்பது நமக்குத் தெரிந்த கதை. ஆனால் சுய உதவிக் குழுவை நடத்திப் பழகிய பெண்கள் அங்கேயே இருக்கிறார்கள். வாராவாரம் பதினைந்து வீட்டுக் கணக்கைக் கையாளும், வங்கி மேலாளரிடம் நேராகப் பேசும் ஆட்கள். கட்சிகள் அவர்களைக் கூட்டம் சேர்க்கக் கூப்பிடுகின்றன, கிளைச் செயலாளராகப் போடுவதில்லை. ஒரு புதுக் கட்சி இதை மட்டும் உருப்படியாகச் செய்தாலே பழைய கட்சிகளுக்கு வியர்த்துவிடும்.

பணம் இல்லாமல் முடியுமா என்று அடுத்த கேள்வி வரும். 2009 திருமங்கலம் இடைத்தேர்தலுக்குப் பிறகு ஓட்டுக்குப் பணம் என்பதற்கு 'திருமங்கலம் ஃபார்முலா' என்று பெயரே வந்துவிட்டது. அதிலும் ஒரு விஷயம் இருக்கிறது, கவர் கொடுக்கவும் கிளைதான் வேண்டும். எந்த வீட்டில் எத்தனை ஓட்டு, யாரிடம் கொடுத்தால் நடுவில் சுருட்டாமல் போய்ச் சேரும் என்பதெல்லாம் பூத் கமிட்டியின் அறிவு. பணம் கிளையைக் கெடுத்தது எப்படி என்றால், வருஷம் முழுக்க அலைந்த செயலாளரைக் கடைசி மூன்று நாள் பட்டுவாடாக்காரராக மாற்றியது. ஊர் அவரை அப்படிப் பார்க்கத் தொடங்கிவிட்டது. அதனால்தான் பணம் வாங்கிக்கொண்டு வேறு சின்னத்தில் குத்துவது இன்று சர்வசாதாரணம்.

எங்கே தொடங்குவது என்று கேட்டீர்கள். 234 தொகுதியிலும் ஒரே நாளில் நிர்வாகிகளை நியமிக்காதீர்கள். ஒரு மாவட்டத்தில் இரண்டு ஒன்றியங்களை எடுங்கள். அங்கே எந்த வழக்கு தேங்கிக் கிடக்கிறது என்று பாருங்கள்: நூறு நாள் வேலையில் வராத கூலியா, நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்கு இவ்வளவு என்று பிடுங்குவதா, மயானப் பாதையா, குடிமனைப் பட்டாவா. கிராம சபையை விடாதீர்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகியவற்றோடு மார்ச் 22, நவம்பர் 1 சேர்த்து வருஷத்துக்கு ஆறு நாள் சட்டப்படி ஊர் கூடுகிறது. பெரிய கட்சிகளின் ஆட்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பும் இடம் அது. உங்கள் ஆள் வரவு செலவுக் கணக்கைக் கேட்டு, தீர்மானத்தைப் பதிவேட்டில் எழுத வைத்து, அந்த நகலோடு பிடிஓ ஆபீஸுக்குப் போய் நிற்கட்டும். காலனியில் ஒரு ஆள், ஊரில் ஒரு ஆள், இரண்டு பேரும் ஒரே மனுவில் கையெழுத்துப் போடும் பிரச்சினையாகத் தேடிப் பிடியுங்கள். கிடைப்பது கஷ்டம், ஆனால் தண்ணீர், ரேஷன், பஸ் போன்றவற்றில் கிடைக்கும். ஒரு வழக்கு ஜெயித்த ஊரில் கிளைச் செயலாளர் யார் என்று நீங்கள் நியமிக்க வேண்டியதில்லை, மனுவை எழுதிக்கொண்டு அலைந்தவர் யார் என்று விசாரித்தாலே போதும். இரண்டு ஒன்றியத்தில் இதைச் செய்து முடிக்க இரண்டு மூன்று வருஷம் ஆகும். அதற்குள் ஒரு தேர்தல் வந்துவிட்டால், வார்டு உறுப்பினருக்கான அந்த வெள்ளைச் சீட்டில் மட்டும் நில்லுங்கள்.